மூன்றாவது பெயர்: எங்கள் ஊர்க் காவல்துறைத் தலைமை அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் நிலையத்தின் வாசல் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் அமைதிக் குழுப் பட்டியலைப் படித்தேன். அதில் மூன்றாவதாக இருக்கும் பெயரை என் விரல்கள் நன்றாக அறியும். எத்தனையோ முறை தட்டச்சு செய்த பெயர் அது. ஒவ்வொரு முறையும் புகார் மனுவில், எதிரி என்று போட்டிருக்கும் இடத்தில்.

பத்தொன்பது வருடங்களாக உங்கள் நிலையத்துக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் இந்த ஊரில் யார் யார்மேல் புகார் கொடுக்க நினைத்தார்கள் என்பது உங்கள் பதிவேட்டைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். கொடுத்த புகார்தான் உங்களிடம் வந்து சேரும். கொடுக்க வந்து, இரண்டு வரி சொல்லி, பாதியில் எழுந்து போனவர்களை நான் மட்டும்தான் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்காகவும்தான், அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் இங்கே பொறுப்பேற்றபோது ஊர் இருந்த நிலைமையை நான் மறக்கவில்லை. வெளியூர்க் கும்பல் ஒன்று போதை மாத்திரையைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுவந்திருந்தது. வீட்டிலிருக்கும் சாமானையெல்லாம் மகன் தூக்கிக்கொண்டு போய் விற்கிறான் என்று ஒரு தாய் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்திருக்கிறேன். பெற்ற பிள்ளைமேல் புகார் எழுதுவதா வேண்டாமா என்று அந்த அம்மா என்னைத்தான் கேட்டார். உங்களிடம் போதிய ஆட்கள் இல்லை. அந்தக் கும்பல் எங்கே தங்குகிறது, சரக்கு எந்த வழியாக வருகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஊரெல்லாம் 'அண்ணன்' என்று கூப்பிடும், உங்கள் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் அவர். நீங்கள் அவரிடம் போனீர்கள், அவர் சொன்னார், ஒரே இரவில் கும்பலை வளைத்தீர்கள். மறுநாள் காலையில் ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது, நானும்தான். அதை இப்போது இல்லையென்று சொன்னால் நான் பொய் சொல்கிறவன் ஆகிவிடுவேன்.

அந்த உறவு உங்களுக்கே பிடிக்கவில்லை என்பதையும் அந்த நாட்களில் பார்த்திருக்கிறேன். என் மேசையிலிருந்து பார்த்தால் உங்கள் அறை ஜன்னல் தெரியும். அவர் உள்ளே வந்தால் நீங்கள் நிமிர்ந்து பார்க்க மாட்டீர்கள். கை நீட்டினால் ஏதாவது ஒரு கோப்பை எடுத்துக்கொள்வீர்கள். வந்த வேலை முடிந்ததும் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவீர்கள். அந்தச் சங்கடம் உங்களிடம் இருந்தவரைக்கும் எனக்குப் பயம் இருக்கவில்லை. தான் செய்வது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று இந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். இப்போது அவர் முன்வாசல் வழியாக வருகிறார். சென்ற வாரக் கூட்டத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டபோது, "முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும்" என்றீர்கள். காலில் தைத்த முள்ளை எடுத்தவுடன் இரண்டு முள்ளையும் சேர்த்துத்தான் தூர எறிவார்கள், ஐயா. எடுத்துக் கொடுத்த முள்ளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யாரும் நடப்பதில்லை.

அதே கூட்டத்தில், ஊரில் குற்றம் பாதியாகக் குறைந்துவிட்டது என்றும் சொன்னீர்கள். உங்கள் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கும். என் நோட்டுப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. முன்பெல்லாம் வாரத்துக்கு ஏழெட்டுப் பேர் புகார் எழுத வருவார்கள். இப்போது இரண்டு பேர் வந்தால் அதிகம், அதுவும் தொலைந்துபோன சான்றிதழுக்காக. ஆனால் என் மேசைக்கு முன்னால் இருக்கும் பெஞ்சு காலியாக இல்லை. வந்து உட்காருகிறார்கள். "யாரிடமும் சொல்ல மாட்டீர்களே?" என்று ஆரம்பிக்கிறார்கள். பெயர், முகவரி வரைக்கும் சரளமாகச் சொல்லிவிட்டு, எதிரி பெயர் கேட்கும் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். "இது அவர் காதுக்குப் போகுமா?" என்று கேட்கிறார்கள். போகாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுந்து போய்விடுகிறார்கள்.

போகாது என்று ஏன் சொல்ல முடியவில்லை என்றால், போகிறது என்பது எனக்கு நேரிலேயே தெரியும்.

சென்ற வருடம் என் மோட்டார் சைக்கிள் திருடுபோனது. நானே என் மனுவைத் தட்டச்சு செய்து, காலை பதினொரு மணிக்கு உங்கள் நிலையத்தில் கொடுத்தேன். வீட்டில்கூட அப்போது இன்னும் சொல்லவில்லை. மதியம் மூன்று மணிக்கு ஒரு தொலைபேசி. அவர்தான். "என்ன சார், வண்டி காணோம்னு எழுதிக் கொடுத்தீங்களாமே? நேரா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். குரலில் கோபமே இல்லை, வருத்தம் மாதிரிதான் இருந்தது. மறுநாள் விடிந்து பார்த்தால் வண்டி வாசலில் நிற்கிறது. துடைத்துச் சுத்தமாக, சாவியோடு. பணம் எதுவும் கேட்கவில்லை. நிலையத்தில் என் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், வண்டிதான் கிடைத்துவிட்டதே என்று. யார் எடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன், நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவருடைய ஆள் ஒருவன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு பெரியவர் நில விஷயமாக மனு எழுத வருவார், எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லச் சொன்னார் என்றான். மிரட்டவில்லை. போகும்போது என் வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான், அவ்வளவுதான்.

பெரியவர் வந்தார். அவர் சொல்லச் சொல்லப் பாதிப் பக்கம் வரைக்கும் அடித்தேன். அதற்குமேல் கை ஓடவில்லை. இதற்கு வக்கீல்தான் சரி, என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். வக்கீலிடம் போக அவரிடம் வசதியில்லை என்பது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன். பிறகு கேள்விப்பட்டேன், அண்ணன் வீட்டு முற்றத்தில் கட்டப்பஞ்சாயத்து நடந்து, பாதி நிலத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். இப்போது அவர் நான் இருக்கும் தெரு வழியாக வருவதில்லை. சுற்றிப் போகிறார். பத்தொன்பது வருடத்தில் நான் திருப்பி அனுப்பிய ஒரே ஆள் அவர். உங்களைக் குறை சொல்லும் முன் என் குறையை இங்கே எழுதிவைக்கிறேன். நீங்கள் அண்ணனிடம் பட்ட கடன் வேறு, நான் பட்ட கடன் வேறு. ஆனால் அவர் வசூலிக்கும் விதம் ஒன்றுதான்.

இந்த வழி ஒன்றும் புதிது இல்லை. முந்நூறு வருடங்களுக்கு முன் லண்டனில் ஜோனத்தன் வைல்ட் என்று ஒருவர் இருந்தார். அன்று அங்கே இன்றுபோல் போலீஸ் படை கிடையாது. கொள்ளைக்காரனைப் பிடித்துக் கொடுத்துத் தண்டனை வாங்கித் தருகிறவருக்கு அரசாங்கம் 40 பவுண்டு கொடுத்தது. வைல்ட் பிடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். திருடுபோன பொருளையும் கண்டுபிடித்து உரியவரிடம் சேர்ப்பித்தார். ஊர் அவரைக் கொண்டாடியது. அந்தத் திருடர்களை வைத்து வேலை வாங்கியவரே அவர்தான். தனக்கு அடங்காதவர்களைத்தான் தூக்குக்கு அனுப்பினார். திருட்டுப் பொருளைத் திருப்பித் தருவதற்குப் பணம் வாங்கிக்கொண்டு திருடனைக் காட்டிக்கொடுக்காமல் விடுவதே பெரும் குற்றம் என்று 1718இல் சட்டம் வந்தது. அவரை மனதில் வைத்துத்தான் அந்தச் சட்டம் என்று அன்றே பேசிக்கொண்டார்கள். கடைசியில் களவு போன லேஸ் துணி ஒன்றுக்காக அதே சட்டத்தின்கீழ் தண்டனை பெற்று, 1725 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். என் வண்டி வாசலில் வந்து நின்ற காலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதரின் கதை ஞாபகம் வருகிறது.

அண்ணன் உங்களுக்குக் கொடுத்த துப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கைதானவர்களின் தாய்மார்களும் என்னிடம்தான் மனு எழுத வருகிறார்கள். அதனால் யார் யார் பிடிபட்டார்கள், எந்தத் தெரு, யாரோடு சுற்றியவர்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் பிடிபட்டது வெளியூர்க் கும்பல். சரி. அதற்கப்புறம் பிடிபட்டவர்களில் அவருடைய ஆள் என்று ஒருவனைக்கூட என்னால் காட்ட முடியாது. அவரோடு தொழிலில் போட்டி போட்டவர்கள், அவரிடமிருந்து பிரிந்து போனவர்கள், அவருக்கு வசூல் கொடுக்க மறுத்தவர்கள், இவர்கள்தான். ஒருவன் இதில் எதிலும் சேராதவன். அவன் அம்மா நான்கு முறை என்னிடம் வந்துவிட்டார். அவன் குற்றமற்றவன் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவனுக்கு எதிராக என்ன இருக்கிறது என்று கேட்டால், அண்ணன் சொன்னார் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

அந்த அம்மாவின் முகம்தான் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் நடந்த விவகாரத்தைத் தேடிப் படிக்க வைத்தது. 1965இல் நடந்த ஒரு கொலைக்காக 1968இல் அங்கே நான்கு பேருக்குச் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தது. சாட்சி சொன்னவன், அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. தனக்கு வேண்டியவனாக வைத்திருந்த ஒரு கொலைகாரன். அவன் பொய் சொல்கிறான் என்பதற்கான தகவல் அதிகாரிகளிடமே இருந்தது. இரண்டு பேர் சிறையிலேயே இறந்துபோனார்கள். 2007இல்தான் ஒரு நீதிபதி, அரசாங்கம் அந்தக் குடும்பங்களுக்கு 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

அதே ஊரில், அதே எஃப்.பி.ஐ. அலுவலகம், 1975இல் ஜேம்ஸ் பல்ஜர் என்ற கும்பல் தலைவனைத் தன் தகவலாளியாகச் சேர்த்துக்கொண்டது. காரணம் நம்முடையதைப் போன்றதுதான்: அவனைவிடப் பெரியதொரு கும்பலை ஒழிக்க வேண்டும். அவனைக் கையாண்ட ஜான் கொனோலி என்ற அதிகாரி அவன் வளர்ந்த அதே பகுதியில் வளர்ந்தவர். 1982இல் ஒருவர் பல்ஜரின் கும்பல் செய்த கொலையைப் பற்றிச் சொல்லத் தயாராக எஃப்.பி.ஐ.யிடம் வந்தார். அவர் வந்த செய்தி பல்ஜருக்குப் போனது. அந்த மே மாதமே அவர் காரில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை வீட்டில் இறக்கிவிடக் காரோட்டி வந்த நண்பருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவரும் செத்தார். பல்ஜரைக் கைது செய்யப்போகிறார்கள் என்ற தகவலும் முன்கூட்டியே அவனுக்குப் போனது. 1994 முடிவில் தப்பியவனை 2011இல்தான் பிடித்தார்கள். 2013இல் 11 கொலைகளில் அவனுக்குப் பங்குண்டு என்று ஜூரி முடிவு செய்தது. கொனோலிக்கும் சிறைதான் கிடைத்தது.

உங்களை கொனோலியோடு ஒப்பிடவில்லை, ஐயா. நீங்கள் அண்ணனிடமிருந்து ஒரு பைசா வாங்கியதாக நான் நினைக்கவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் மறுத்துப் பேசியிருக்கிறேன். நான் சொல்ல வருவது வேறு. புகார் கொடுக்க வந்தவரின் பெயர் எதிரிக்குப் போய்ச் சேர, மேலதிகாரி காசு வாங்க வேண்டிய அவசியமில்லை. 'அவர் நம்ம ஆள்' என்ற எண்ணம் நிலையத்துக்குள் வந்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு யாரோ ஒரு காவலர், கெட்ட எண்ணமே இல்லாமல், ஒரு உதவி மாதிரி நினைத்து, அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவார். பெரிய நகரத்தில் இது நடந்தால் வெளியே தெரியச் சில வருடம் ஆகும். நம்முடையதைப் போன்ற ஊரில் மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நிலையத்துக்குப் போனால் அவருக்குத் தெரியும் என்று மக்கள் கற்றுக்கொண்ட பிறகு, நிலையத்துக்குப் போவதற்குப் பதில் அவரிடமே போகிறார்கள். நடந்துகொண்டிருப்பது அதுதான். இந்தக் குழுவில் அவர் பெயரைச் சேர்த்ததன் மூலம், அப்படிப் போவது சரிதான் என்று நீங்கள் எழுத்திலேயே சொல்லிவிட்டீர்கள்.

துப்புக் கொடுக்க ஆளே வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் விவரம் தெரியாதவன் இல்லை. நல்லவர்களுக்குத் திருடர்களின் வழி தெரியாது. தெரிந்தவரிடம்தான் கேட்டாக வேண்டும். ஆனால் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகவலாளியோடு அன்றாடம் பேசுகிற அதிகாரி ஒருவராகவும், அந்த உறவை மேலிருந்து கண்காணிக்கிற அதிகாரி இன்னொருவராகவும் இருக்க வேண்டும். தகவலாளியைப் பயன்படுத்திய விவரம் பதிவாக வேண்டும். இங்கே பேசுகிறவரும் நீங்கள்தான், கண்காணிக்கிறவரும் நீங்கள்தான். நீங்களும் மனிதர்தானே. ஒரு ஆளால் ஊருக்கு நல்லது நடந்தது என்று நம்பிவிட்ட பிறகு, அந்த ஆளைப் பற்றி வரும் புகாரை அதே கண்ணோடு படிக்க யாராலும் முடியாது. என் வண்டியைத் திருப்பித் தந்தவரைப் பற்றிய மனுவை என்னாலேயே அடித்து முடிக்க முடியவில்லையே.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அமைதிக் குழுவிலிருந்து அவர் பெயரை நீக்குங்கள். சத்தமில்லாமல் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் ஒட்டினால் போதாது. பலகையில் ஒட்டித்தான் சேர்த்தீர்கள், நீக்கியதையும் அதே பலகையில் ஒட்டுங்கள்.

அவர்மேலும் அவருடைய ஆட்கள்மேலும் இதுவரை வந்து, பதிவாகாமலும் விசாரிக்காமலும் கிடக்கிற மனுக்களை எடுத்து, இந்த ஊரோடு சம்பந்தமில்லாத வேறொரு அதிகாரியிடம் ஒப்படைக்கும்படி உங்கள் மேலிடத்துக்கு நீங்களே எழுதுங்கள். மேலிடம் கேட்டு நீங்கள் கொடுப்பதைவிட நீங்களாகவே கொடுப்பது உங்களுக்கும் நல்லது. அவருடைய துப்பை மட்டும் வைத்துக் கைது செய்யப்பட்டவர்களின் வழக்குகளையும் அதே அதிகாரி ஒருமுறை பார்க்கட்டும். முக்கியமாக, நான்கு முறை என்னிடம் வந்த அந்த அம்மாவின் மகனுடைய வழக்கை.

என் மனு காலை பதினொரு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் இடையில் எப்படி வெளியே போனது என்று விசாரியுங்கள். அன்று மேசையில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பது உங்கள் பணிப் பதிவேட்டிலேயே இருக்கும். யாரையும் வேலையிலிருந்து தூக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இனிமேல் அப்படிப் போகாது என்று பெஞ்சில் உட்காருகிறவர்களிடம் நான் சொல்ல வேண்டும், அதற்கு வழி செய்யுங்கள். அதுவரைக்கும், அவர் சம்பந்தப்பட்ட புகார் கொடுக்க விரும்புகிறவர்கள் இந்த நிலையத்துக்கு வராமல் வேறு இடத்தில் கொடுக்க ஏற்பாடு செய்து, அதையும் பலகையில் எழுதிப் போடுங்கள்.

அவரிடமிருந்து இனியும் தகவல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதை உங்கள் மேலதிகாரிக்குத் தெரிந்து, ஏட்டில் எழுதி, இன்னொருவர் கண்காணிப்பில் செய்யுங்கள். தகவல் கொடுப்பதால் அவருக்கு எந்தச் சலுகையும் கிடையாது, யார்மேலாவது கை வைத்தால் அன்றே வழக்கு என்பதை அவரிடம் நேரில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. முந்தாநாள் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். முதலில் கதவைத் திறக்கவில்லை. திறந்த பிறகும் வெகுநேரம் பேசவில்லை. பாதியில் நிறுத்திய அவருடைய மனுவை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். அதை அங்கேயே உட்கார்ந்து மீதியையும் அவர் சொல்ல எழுதி முடித்தேன். கையெழுத்து போட்டிருக்கிறார். எழுதிக் கொடுத்தவன் என்ற இடத்தில் வழக்கமாக நான் பெயர் போடுவதில்லை, இதில் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவரும் நானும் முன்வாசல் வழியாக வருகிறோம். மேசையில் இருக்கும் காவலரிடம் கொடுக்கச் சொல்லாமல், உங்கள் கையால் வாங்கிக்கொள்ளுங்கள். படித்துப் பார்த்து, தேதியும் எண்ணும் போட்ட ரசீதை அவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிலையத்துக்கு எதிரே மனு எழுதுபவன்